மஞ்சள் ஜோர்டனும் சிலாபத்து உப்புக் காற்றும்

பந்தயக் கார் மொடல்களில் பெரும்பாலானவை கடையை விட்டு வெளியேறியதுமே விலை இறங்கிவிடும். இருபது ஆண்டு கழித்தும் வாங்கிய விலைக்குக் குறையாமல் நிற்பவை கொஞ்சம்தான். அவை ஒவ்வொன்றும் குறித்த ஒரு நாளில், குறித்த ஒரு பந்தயத்தில், குறித்த ஒருவர் ஓட்டிய காரின் உருவம். நிறமும் இலக்கமும் பொருந்தினால் மட்டும் போதாது. அன்று பூட்டியிருந்த முன்சிறகும் ஓட்டுநரின் தலைக்கவச ஓவியமும்கூட அந்த நாளுக்கு உரியவையாக இருக்க வேண்டும்.

தமிழ் வாசகருக்கு நெருங்கிய சான்று, ஜேர்மனியின் ஆகன் நகரத்து மினிசாம்ப்ஸ் கம்பனி 1:43 அளவில் செய்த ஜோர்டன் இஜே15. அது 19ஆம் இலக்க மஞ்சள் கார். கோயம்புத்தூர்க்காரரான நரேன் கார்த்திகேயன் 2005 மார்ச்சில் மெல்பேர்னில் அதை ஓட்டி, போர்முலா 1 பந்தயத்தில் இறங்கிய முதல் இந்தியரானார். அதே ஆண்டு ஜூன் 19ஆம் திகதி இண்டியானாபொலிஸில், மிச்லின் ரயர்கள் ஆபத்தானவை என்று தெரிந்ததால் அவற்றைப் பூட்டியிருந்த 14 கார்களும் ஆயத்தச் சுற்றோடு ஒதுங்கின. பிரிட்ஜ்ஸ்டோன் ரயர் பூட்டிய ஆறு கார்களே ஓடின. நரேன் நான்காவதாக வந்து ஐந்து புள்ளிகள் பெற்றார். அந்தப் பருவத்தோடு ஜோர்டன் என்ற அணிப் பெயரும் மறைந்தது. முதல் இந்திய ஓட்டுநர், அணியின் கடைசி ஆண்டு, அப்படியொரு விசித்திரமான ஞாயிற்றுக்கிழமை ஆகிய மூன்றும் ஏறத்தாழ 11 சென்ரிமீற்றர் நீளத்துக்குள் அடங்கியிருப்பதால்தான் அதைத் தேடுகிறார்கள்.

அந்த மஞ்சள், பென்சன் அண்ட் ஹெஜஸ் சிகரெட்டின் அனுசரணையோடு வந்த நிறம். புகையிலை விளம்பரக் கட்டுப்பாடுகளால் மொடல் கம்பனிகள் பெரும்பாலும் சிகரெட் பெயர்களை விட்டுவிட்டே விற்றன. விடுபட்ட எழுத்துகளைச் சேகரிப்போர் தனியே வாங்கி ஒட்டுவதுண்டு. அப்படிப் பிறர் கை பட்ட காரை ‘கோட் 3’ என்பார்கள். கம்பனி விட்டபடியே இருப்பது ‘கோட் 1’. ஒட்டிய கார் பந்தய நாளுக்கு நெருங்கியதாகவும் பார்க்க அழகாகவும் இருக்கலாம். ஆனால் மீண்டும் விற்கும்போது கோட் 1 காருக்கே வாங்குபவரின் நம்பிக்கை கிடைக்கும். எழுத்து இல்லாத ஜோர்டனை எழுத்து இல்லாமலே விட்டுவைப்பது நல்லது.

1:43 என்ற அளவு ‘ஓ’ கேஜ் பொம்மை ரயில்களின் வழியாக வந்தது. பந்தய வரலாற்றை ஆண்டுவாரியாக அடுக்க விரும்புவோருக்கு இதைவிடப் பொருத்தமான அளவு இல்லை. ஓர் அலுமாரித் தட்டில் ஒரு பருவம் முழுவதும் நிற்கும். 1:18 பெரியது, இயந்திரத்தைத் திறந்து பார்க்கலாம். அந்த அளவில் உச்சம் ஜேர்மனியின் சிஎம்சி கம்பனி. 1961இல் பில் ஹில் உலகப் பட்டம் வென்ற ‘சுறாமூக்கு’ பெராரி 156ஐ அவர்கள் செய்திருக்கிறார்கள். அதன் அசல் கார்கள் அத்தனையையும் பெராரியே உடைத்துப்போட்டது, ஒன்றும் மிஞ்சவில்லை. ஆகையால் கம்பிச் சக்கரங்களும் இரட்டை மூக்குத் துளையும் கொண்ட அந்த மொடல், அழிந்துபோன ஒரு காரை இன்று எல்லாப் பக்கமும் சுற்றிப் பார்க்க மிஞ்சிய வழிகளில் ஒன்று. மொடல் கலைக்கு இதைவிடப் பெரிய நியாயம் வேண்டியதில்லை.

பழையவற்றில் லிவர்பூலின் டிங்கி ரோய்ஸ் முதலிடம் பெறும். 1979இல் பின்ஸ் வீதித் தொழிற்சாலை மூடப்பட்டது. அதற்கு முன்பே டிங்கியின் பழைய அச்சுகள் சில கல்கத்தாவுக்குப் போய், நிக்கி ரோய்ஸ் என்ற பெயரில் கார்கள் வந்தன. அவற்றின் வர்ணப் பூச்சு சற்று முரடு. ஆயினும் பெட்டியோடு கிடைக்கும் நிக்கி, நம் பக்கத்துச் சேகரிப்பில் கௌரவமான இடம் பெறத்தக்கது. டிங்கி வாங்கும்போது எச்சரிக்கை தேவை. அட்லஸ் எடிஷன்ஸ் வெளியிட்ட சீனத் தயாரிப்பு மறுபதிப்புகள் பெட்டி உட்பட அசலைப் போலவே இருக்கும். அடித்தட்டைத் திருப்பி எழுத்துகளைப் படிக்காமல் பணம் கொடுக்கக் கூடாது.

இலங்கையில் முன்னேஸ்வரம் கோயில் அமைந்த சிலாபக் கரையோரத்துக்கு இந்த மொடல்கள் வந்துசேர ஒரு தனி வழி உண்டு. வென்னப்புவ, மாரவில, சிலாபம் ஊர்களிலிருந்து இத்தாலிக்கு வேலைக்குப் போனவர்கள் பலர். பிபிஆர், புரூம் போன்ற மொடல் கம்பனிகளின் நாடு அது. விடுமுறைக்கு வருபவரிடம் சொல்லிவிடும்போது ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். அங்கே பத்திரிகைக் கடைகளில் வாராந்தத் தொடராக இதழோடு விற்கும் போர்முலா 1 கார்கள் ஏராளமாகத் தயாரிக்கப்படுபவை. பார்க்க இனியவை, விலை ஏறாதவை. எண்ணிக்கையை மட்டுப்படுத்தி வெளியிடும் பிபிஆர் கார்கள் வேறு வகை.

வந்து சேர்ந்த பின் உள்ள வேலையே பெரிது. கடலிலிருந்து சில கிலோமீற்றர் தூரத்திலேயே முன்னேஸ்வரம் இருக்கிறது. ஈரமும் வெப்பமும் உப்பும் அங்கே ஆண்டு முழுவதும் சேர்ந்தே இருக்கும். துத்தநாகக் கலவையில் ஈயம் கலந்துவிட்டிருந்தால் உலோகம் உள்ளிருந்தே வெடித்து நொறுங்கும். போருக்கு முந்திய டிங்கிகளுக்கு வந்த இந்த நோயை ஈரச்சூடு விரைவுபடுத்தும். அச்சாணிகளில் துரு ஏறும். மென்மையான பிவிசி ரயரிலிருந்து கசியும் எண்ணெய், கார் நிற்கும் பிளாஸ்ரிக் தட்டை உருக்கித் தடம் பதிக்கும். ஸ்பார்க் போன்ற கம்பனிகளின் றெசின் கார்கள் துருப்பிடியா. ஆனால் தகரக் கூரையின் கீழ் வெயில் ஏறும் அறையில் அவை வளையும், நுண்ணிய உலோகத் துண்டுகளின் பசை விடும். காற்றுப் புகாமல் மூடி ஈரத்தை உள்ளே அடைத்தால் வர்ணத்தில் கொப்புளம் எழும்.

எனவே நிலத்திலிருந்து உயர்ந்த, வெயில் நேரே படாத கண்ணாடி அலுமாரி வேண்டும். அதற்குள் சிலிக்கா ஜெல் பைகள் வைத்து, அவை ஈரம் குடித்து நிறம் மாறியதும் காயவைத்துத் திரும்ப வைக்க வேண்டும். ரயருக்கும் தட்டுக்கும் இடையே மெல்லிய பொலித்தீன் துண்டு போதும். அட்டைப் பெட்டிகளைக் காரோடு வைக்காமல் தனியே உலர்ந்த இடத்தில் வைப்பது நல்லது. பூஞ்சணம் முதலில் பிடிப்பது அட்டையில்தான். வெளி உறை, இலக்கமிட்ட சான்றிதழ், வாங்கிய பற்றுச்சீட்டு மூன்றும் அதே பெட்டிக்குள் இருந்தால், நரேனின் ஜோர்டன் கைமாறும் நாளில் அதன் வரலாறும் கூடவே கைமாறும்.