ஆந்த்வானின் பொய்கள்

தவறு செய்யும் குழந்தையைப் பற்றி நம்மிடம் வழக்கத்தில் இருப்பவை இரண்டு பார்வைகள். ஒன்று, குழந்தை தெய்வம், அதற்கு ஏதும் தெரியாது என்பது. மற்றது, அடியாத மாடு படியாது என்பது. சமீப காலத்தில் மூன்றாவதாக ஒன்று வந்து சேர்ந்திருக்கிறது: நோய்ப்பெயர். பொய் சொல்கிறவன், திருடுகிறவன், பள்ளிக்கு மட்டம் போடுகிறவன், எவர் முகத்தையும் பாராதவன் எல்லோருக்கும் ஒரு பெயர் தயாராக இருக்கிறது. பெயரை நான் பழிக்க மாட்டேன். எத்தனையோ குழந்தைகளுக்கு அடி விழாமல் தடுத்தது அந்தப் பெயர்தான். ஆனால் பெயர் கிடைத்த மறுகணம் பெரியவர்களின் கவனம் ஓய்ந்துபோகிறது. குழந்தை சொல்லவந்தது அதற்குப் பின்னும் பாக்கி இருக்கிறது. இந்த பாக்கியைப் பற்றி யோசிக்க, மனோதத்துவ நூல்கள் அளவுக்கே, ஒரு சினிமாக் காட்சியும் எனக்கு உதவியிருக்கிறது.

ஃபிரான்ஸ்வா த்ரூஃபோ 1959இல் எடுத்த 'நானூறு அடிகள்' படத்தின் பிற்பகுதியில் வருவது அந்தக் காட்சி. பிரெஞ்சில் அந்தத் தலைப்பு ஒரு மரபுத்தொடர். அடி உதைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கட்டுக்கடங்காத சேஷ்டைகள் எல்லாம் செய்து திரிவது என்று பொருள். சிறார் கண்காணிப்பு நிலையத்தில் ஆந்த்வான் துவானெல் ஒரு மேஜைக்கு முன் உட்கார்ந்திருக்கிறான். மனோதத்துவ நிபுணர் கேள்வி கேட்கிறார். நமக்குக் கேட்பது ஒரு பெண்ணின் குரல் மட்டுமே. அவர் முகம் கடைசிவரை காட்டப்படுவதில்லை. காமிரா அசையாமல் பையனையே பார்த்துக்கொண்டிருக்கிறது. ஒரு பதிலிலிருந்து மறு பதிலுக்குப் போகும்போது அதே பிம்பம் மங்கி அதன் மேலேயே மீண்டும் தெளிகிறது. பதினான்கு வயது ழான்-பியர் லெயோவுக்கு வசனம் எழுதித் தரப்படவில்லை. கேள்விகளுக்கு அவனே பதில் கண்டுபிடித்தான். தோளைக் குலுக்குகிறான், மேஜைமேல் விரலை ஓட்டுகிறான், ஓரிடத்தில் வெட்கப்பட்டுச் சிரிக்கிறான். கேட்பவர் இருக்கவேண்டிய இடத்தில் உட்கார்ந்திருப்பது பார்வையாளர்களாகிய நாம். இந்த ஏற்பாடு ஓர் உத்திச் சாமர்த்தியம் என்று நான் நினைக்கவில்லை. நிபுணருக்கு ஒரு முகத்தைக் கொடுத்திருந்தால், நல்லவர் அல்லது கெட்டவர் என்று அவரை எடைபோட்டுவிட்டு நாம் நிம்மதியாக இருந்திருப்போம். அந்தச் சௌகரியம் நமக்கு இல்லை.

நீ எப்போதும் பொய் சொல்வாயாமே என்பது கேள்வி. எப்போதும் அல்ல, எப்போதாவது என்கிறான் பையன். உண்மையைச் சொன்னாலும் நம்புவதில்லை, ஆகவே பொய்யே மேல் என்பது அவன் தரும் விளக்கம். இது பிஞ்சிலே பழுத்தவனின் சாதுரியப் பேச்சு என்று எண்ணுகிறவர்கள் படத்தின் முன்பகுதிக்குத் திரும்பிப் போகவேண்டும். பள்ளிக்கு மட்டம் போட்ட ஒரு நாளில், தெருவில் தன் தாய் வேறொருவனை முத்தமிடுவதை அவன் பார்க்கிறான். தாயும் அவனைப் பார்த்துவிடுகிறாள். மறுநாள் ஏன் வரவில்லை என்று வாத்தியார் கேட்டபோது, அம்மா செத்துப்போனாள் என்கிறான். படத்தின் மிகப் பெரிய பொய் இதுதான். மிகப் பெரிய உண்மையும் இதற்குள்தான் இருக்கிறது. வகுப்பறை வாசலுக்கு வந்து அறைகிற வளர்ப்புத் தந்தைக்கு அது பொய் மட்டுமே. தாய்க்கு அதற்கு மேலும் தெரியும். அதன் பிறகு அவள் திடீரென்று பரிவாகிறாள், கட்டுரையில் முதல் ஐந்து பேருக்குள் வந்தால் ஆயிரம் ஃப்ராங்க் தருவதாகப் பேரம் பேசுகிறாள். அவன் பால்ஸாக்கை நெஞ்சில் வைத்து எழுதுகிறான். வாத்தியாருக்கு அது காப்பி. பக்தியைத் திருட்டிலிருந்து பிரித்தறியத் தெரியாத ஒரு பள்ளிக்கூடம் அது.

திருட்டும் அப்படியே. வளர்ப்புத் தந்தையின் அலுவலகத்திலிருந்து டைப்ரைட்டரைத் திருடுகிறான். விற்க முடியவில்லை. திருடியபோது அகப்படாதவன், திருப்பி வைக்கப் போகும்போதுதான் அகப்படுகிறான். பாட்டியிடம் பணம் திருடியதையும் நிபுணரிடம் சொல்கிறான். இவனைக் கருவிலேயே கலைத்துவிடத் தாய் நினைத்தபோது தடுத்தவள் அந்தப் பாட்டி. முதலில் ஒரு செவிலியிடம், பிறகு பாட்டியிடம் என்று எட்டு வயது வரை வளர்ந்தவன் இவன். தன்னை வேண்டியவளிடமே ஏன் திருடவேண்டும்?

டொனால்ட் வின்னிகாட் என்ற ஆங்கிலேயக் குழந்தை மருத்துவர், மனப்பகுப்பாய்வாளர், இதற்கு ஒரு பதில் வைத்திருந்தார். போர்க்காலத்தில் லண்டனிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டு, எந்த வீட்டிலும் தங்கவைக்க முடியாமல் போன குழந்தைகளிடையே அவர் வேலை செய்தவர். திருடும் குழந்தை தான் எடுக்கும் பொருளைத் தேடவில்லை, தனக்கு உரிமையுள்ள ஒருவரைத் தேடுகிறது என்பது 1956இல் அவர் வைத்த வாதம். ஒரு காலத்தில் கிடைத்திருந்து பிறகு பறிபோன நன்மையை உலகத்திடம் திருப்பிக் கேட்கிறது. கேட்டால் கிடைக்கலாம் என்ற எண்ணம் இன்னும் சாகாததால் கேட்கிறது. ஆகவே திருட்டு நம்பிக்கையின் அடையாளம். இந்தக் கடைசி வாக்கியத்தை ஜீரணிப்பது சுலபமல்ல. தொல்லை கொடுக்கிற குழந்தையைக் காட்டிலும், தொல்லை கொடுப்பதை நிறுத்திவிட்ட குழந்தைதான் கவலைக்குரியது என்று இதிலிருந்து ஆகிறது. நம் வீடுகளும் பள்ளிகளும் நேர் எதிராகத்தான் கணக்குப் போடுகின்றன.

வின்னிகாட்டுக்கு முன்பே, 1944இல், ஜான் பௌல்பி நாற்பத்துநான்கு இளந்திருடர்களைப் பற்றிய தம் ஆய்வை வெளியிட்டிருந்தார். அவர்களில் பதினான்கு பேரைப் பாசமற்றவர்கள் என்று அவர் தனியே வகைப்படுத்தினார். அந்தப் பதினான்கு பேரில் பன்னிரண்டு பேர் சிறுவயதில் நெடுங்காலம் தாயைப் பிரிந்திருந்தவர்கள். திருடாத வேறு நாற்பத்துநான்கு குழந்தைகளில் அப்படிப் பிரிந்திருந்தவர்கள் இரண்டே பேர். எண்ணிக்கை சிறியதுதான், ஆனாலும் உலுக்கக்கூடியது. ஆந்த்வானின் சரித்திரத்தை இந்த அட்டவணையில் பொருத்திவிடலாம். பொருத்தியபின் என்ன மிஞ்சும் என்பதே என் கேள்வி. பௌல்பியின் அட்டவணை, காரணம் சொல்கிறது. வின்னிகாட் அந்தச் செய்கையை யாரை நோக்கிய பேச்சு என்று கேட்கிறார். த்ரூஃபோ அந்தப் பேச்சுக்கு முன்னால் நம்மை உட்காரவைக்கிறார். மூன்றும் வேறு வேறு காரியங்கள். முதலாவதைச் செய்துவிட்டு மூன்றும் முடிந்தன என்று எண்ணுவதுதான் இன்றைய பழக்கம்.

படத்தின் மீது எனக்குள்ள ஆட்சேபத்தையும் சொல்லவேண்டும். தாய் விஷயத்தில் த்ரூஃபோ நீதிபதியாகிவிடுகிறார். மணமாகாத தாய்க்கு 1932இல் பிறந்து, செவிலியிடமும் பாட்டியிடமும் வளர்ந்து, டைப்ரைட்டர் திருடி, 1948இல் தந்தையால் போலீசில் ஒப்படைக்கப்பட்டு வில்ஜூயிஃப் கண்காணிப்பு நிலையத்துக்குப் போனவர் அவரே. அங்கிருந்து அவரை மீட்க முன்நின்றவர் விமர்சகர் ஆந்த்ரே பஸான். படம் அவர் நினைவுக்கே காணிக்கை. ஆகவே இங்கே பேசுவது மகனின் காயம். அது தாயின் காயத்தைக் காணவில்லை. ஃபிரான்ஸில் கருக்கலைப்பைத் தண்டனையிலிருந்து விடுவித்த சட்டம் 1975இல்தான் வந்தது. வேண்டாத கருவைச் சுமக்க நிர்ப்பந்திக்கப்பட்டவள், நிர்ப்பந்தத்தின் அடையாளமாகவே அந்தப் பிள்ளையைத் தினமும் பார்க்கிறாள். இதைப் படம் ஒரு வாக்கியத்தில் தகவலாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது. மனோதத்துவமும் இந்தத் தவறை நெடுங்காலம் செய்தது. பேசாத, முகம் பாராத குழந்தைகளுக்கெல்லாம் தாயின் குளிர்ந்த மனமே காரணம் என்று ப்ரூனோ பெட்டெல்ஹைம் 1967இல் புத்தகமே எழுதினார். அந்தக் கொள்கை பின்னால் பொய்யென்று தள்ளப்பட்டது. அதற்குள் எத்தனை தாய்மார்கள் குற்றவாளிக் கூண்டில் நின்றிருப்பார்கள்? தாயைப் பிரிவது என்ற ஒரே பெயருக்குள் பல வேறு அனுபவங்கள் குவிக்கப்பட்டிருப்பதை மைக்கேல் ரட்டர் 1972இல் பிரித்துக் காட்டினார். குழந்தையின் பேச்சைக் கேட்கத் தாயை ஊமையாக்க வேண்டியதில்லை.

பதினோரு ஆண்டுகளுக்குப் பின், 1970இல், த்ரூஃபோ 'காட்டுப் பையன்' எடுத்தார். 1800இல் அவெய்ரோன் பகுதியில் அகப்பட்ட விக்தோர் என்ற சிறுவனையும், அவனுக்குக் கற்பிக்க முயன்ற இளம் மருத்துவர் இதாரையும் பற்றியது அது. இதாரின் 1801, 1806ஆம் வருஷ அறிக்கைகள் அதற்கு ஆதாரம். முன்பு காட்டாமல் விட்ட நாற்காலியில் இம்முறை த்ரூஃபோவே வந்து உட்கார்ந்தார். இதாராக நடித்தவர் அவர்தான். படத்தை லெயோவுக்குக் காணிக்கையாக்கினார். அதில் ஒரு கட்டம். பையனுக்கு நியாய உணர்வு உண்டா என்று அறிய, பாடத்தைச் சரியாகச் செய்தவனை இதார் வேண்டுமென்றே தண்டிக்கிறார். பையன் கையைக் கடிக்கிறான். இதார் மகிழ்கிறார். கடி என்பது அநியாயத்துக்கு எதிர்ப்பு, ஆகவே அது மனித மனத்தின் வருகை. வின்னிகாட் சொன்னதும் ஏறக்குறைய இதுவே. ஆனால் கடியின் அர்த்தம் தெரிந்திருந்தும், அதைச் சோதனைக்காக வருவித்த கையும் அதேதான் என்பது என்னைத் தொந்தரவு செய்கிறது. ஓடிப்போன பையன் திரும்பி வருகிறான். பாடம் தொடரும் என்ற அறிவிப்போடு படம் முடிகிறது. சரித்திரம் அங்கே முடியவில்லை. விக்தோருக்குப் பேச்சு வரவே இல்லை. இதார் சில ஆண்டுகளில் முயற்சியைக் கைவிட்டார். 1828இல் சாகும்வரை அவனைப் பார்த்துக்கொண்டவள் கெரான் அம்மாள் என்ற வீட்டுப் பணிப்பெண். அறிக்கை எழுதாத அவளைப் பற்றி யாரும் படம் எடுக்கவில்லை.

இவ்விரு நாற்காலிகளையும் வேண்டாமென்றவர் ஃபெர்னான் தெலீனி. 'நானூறு அடிகள்' எழுதும்போது த்ரூஃபோ ஆலோசனை கேட்டது இவரிடம்தான். குற்றம் செய்த சிறுவர்களிடையே நெடுங்காலம் வேலை செய்தவர், அறுபதுகளின் இறுதியில் தென் ஃபிரான்ஸின் செவென் மலைப்பகுதியில் தங்கி, பேசாத ஆட்டிசக் குழந்தைகளோடு வாழத் தொடங்கினார். உடனிருந்தவர்கள் நிபுணர்கள் அல்லர். தொழிலாளி, விவசாயி, மாணவர் போன்றவர்கள். சமைப்பது, விறகு வெட்டுவது, ஆடு மேய்ப்பது என்று அன்றாட வேலை நடக்கும். குழந்தைகள் தம் போக்கில் சுற்றுவார்கள். அந்தப் போக்குகளைப் பெரியவர்கள் காகிதத்தில் கோடுகளாக வரைந்துவைத்தார்கள். அந்தக் கோடு எதைக் குறிக்கிறது என்று விளக்கக்கூடாது என்பது அங்கே எழுதாத விதி. இதில் ஒரு ஆபத்து உண்டு. விளக்கமே கூடாது என்பது உதவியே கூடாது என்று ஆகிவிடலாம். பேச்சுப் பயிற்சியால் பலன் பெறக்கூடிய குழந்தைக்கு மலையும் ஆடும் போதாது. இருந்தாலும், பதில் வராத இடத்திலும் ஒரு குழந்தையோடு இருக்க முடியும் என்பதைத் தெலீனி நடத்திக் காட்டினார். கேள்விகளால் அதைச் செய்ய முடியவில்லை.

இவ்வளவும் ஃபிரான்ஸ் விவகாரம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஆந்த்வான் அடைபட்ட நிலையம் ஒரு கொடுங்கோல் சட்டத்தின் விளைவல்ல. தண்டனைக்கு முன் கல்வி என்று சொல்லி, சிறாருக்கெனத் தனி நீதிபதிகளை ஏற்படுத்திய 1945 பிப்ரவரி 2ஆம் தேதிச் சட்டம் நடைமுறையிலிருந்த காலம் அது. நல்லெண்ணத்துக்குள்ளும் அறை விழுகிறது. நம் மொழியில் அத்தகைய இடத்துக்குக் கூர்நோக்கு இல்லம் என்று பெயர் வைத்திருக்கிறோம். அழகான சொல்தான். யார் நோக்குவது, எதற்காக நோக்குவது என்பதை அது சொல்வதில்லை. நம்முடைய 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி, கொடுங்குற்றம் சாட்டப்பட்ட, பதினாறு முடிந்து பதினெட்டு நிறையாத ஒருவனுடைய மனத்திறனையும் உடல்திறனையும், விளைவை அறியும் ஆற்றலையும் வாரியம் முன்கூட்டியே மதிப்பிடுகிறது. அதற்கு மனோதத்துவ நிபுணரின் உதவியைப் பெறலாம். வளர்ந்தவனைப் போல அவனை விசாரிக்கலாமா என்பது அந்த மதிப்பீட்டைப் பொறுத்தது. ஆக, முகம் தெரியாத அந்தக் குரல் நம்மூரிலும் ஒரு மேஜைக்குப் பின்னால் இருக்கிறது. உனக்கு விளைவு தெரிந்திருந்ததா என்று அது கேட்கிறது. நீ யாரை நோக்கிப் பேசினாய் என்று கேட்கச் சட்டத்தில் இடம் இருக்கிறதா? செய்த காரியத்தின் சந்தர்ப்பங்களையும் பார்க்கவேண்டும் என்று அதே பிரிவு சொல்வதால், இடம் இருக்கிறது என்றே நான் வாசிக்கிறேன். அந்த இடத்தைப் பயன்படுத்தும் மனப்பயிற்சி நம்மிடம் இருக்கிறதா என்பது வேறு கேள்வி.

அந்தப் பயிற்சி இலக்கியத்திலிருந்து வரமுடியும். கு. அழகிரிசாமியின் 'அன்பளிப்பு' கதையில், மற்றக் குழந்தைகளுக்குக் கிடைத்து தனக்குக் கிடைக்காமல் போன சாரங்கன், தானே ஒரு டைரியை எடுத்துவந்து, அது தனக்கு அன்பளிப்பு என்று எழுதித் தரும்படி கேட்கிறான். வின்னிகாட் திருட்டில் கண்ட உரிமைக் கோரிக்கையை அழகிரிசாமி ஒரு டைரியில் கண்டார். அவன் எவர் பொருளையும் எடுக்கவில்லை. இல்லாத ஒன்று இருப்பதாக எழுதித்தரச் சொல்கிறான். அந்த வகையில் அதுவும் ஆந்த்வானின் பொய்க்கு உறவு. கதை அவனைத் தெய்வமாக்கவில்லை, பொறாமைக்காரன் என்று திருத்தவும் முனையவில்லை, காரணமும் ஆராயவில்லை. கவனிக்கத் தவறியவனை அவன் முன்னால் உட்காரவைக்கிறது. அடக்கமான, தொல்லை தராத பிள்ளை சாரங்கன் என்பதையும் சேர்த்து நினைத்தால், நம் வகுப்பறைகளில் பெயர்கூடக் கிடைக்காமல் போகிறவர்கள் யார் என்பது விளங்கும்.

'நானூறு அடிகள்' படத்தின் முடிவு எல்லோருக்கும் தெரியும். பந்தாட்டத்தின் நடுவில் தப்பி ஓடுகிற ஆந்த்வான் கடலை அடைகிறான், திரும்புகிறான், நம்மைப் பார்க்கிறான், பிம்பம் உறைகிறது. அதைச் சுதந்திரம் என்று சிலரும் கதியற்ற நிலை என்று சிலரும் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அது விசாரணை அறைக் காட்சியின் மறுபாதி. அங்கே நாம் கேட்டோம், அவன் சொன்னான். இங்கே கேட்பது அவன் முறை. படம் அறுபது ஆண்டுகளுக்கு மேல் பழசாகிவிட்டது. நாமோ இன்னும் அவனுக்கு என்ன பெயர் வைக்கலாம் என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறோம்.