ஒற்றைக் காலில் நிற்கிறேன்: ராக் டிரம்ஸை ரசிப்பது எப்படி?

மெட்டல் என்றாலே காதைப் பொத்திக்கொள்கிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஆனால் என் எரிச்சல் ஊத்தங்கரைக்காரர்கள் மேல்தான். மாரியம்மன் திருவிழாவில் பம்பைக்காரர் முன்னால் விடிய விடிய நிற்கிறோம். பம்பையும் உடுக்கையும் சிலம்பும் சேர்ந்து ஏறும்போது, அருள் வந்து ஆடுகிறவர்களுக்கு வழிவிட்டு இன்னும் கிட்டே போகிறோம். அங்கே ஒருவரும் "என்னப்பா இது சத்தம்" என்று கேட்பதில்லை. அதே ஆளுக்கு பிளாக் சாபத் பாட்டு ஒன்றைப் போட்டுக் காட்டினால், அரை நிமிஷத்தில் "தலை வலிக்குது தம்பி" என்று ஹெட்போனைக் கழற்றிக் கையில் கொடுத்துவிடுகிறார். கோல் தோலில் படுகிற சத்தமே கேட்காத ஊரில் பிறந்தவர் அப்படிச் சொன்னால் மன்னிக்கலாம். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பிறந்தவருக்கு மன்னிப்பு கிடையாது.

ஓசூர் சிப்காட்டுக்கு ஷிஃப்ட்டுக்குப் போய்வரும் தம்பிகளுக்கு அந்தத் தலைவலிச் சாக்கு கொஞ்சம்கூடச் செல்லாது. இந்த இசை பிறந்ததே தொழிற்சாலை ஊரில்தான். இங்கிலாந்தின் பர்மிங்காமில் தகடு பிரஸ்ஸில் வேலை பார்த்த ஒரு பையனுக்கு வலது கையில் இரண்டு விரல் நுனிகள் போயின. அவர் டோனி அயோமி. அந்தக் கையோடு அவர் கிட்டார் வாசித்த குழுதான் பிளாக் சாபத், முதல் ஆல்பம் 1970 பிப்ரவரி 13 அன்று வந்தது. பிரஸ் ஷாப் என்றால் என்ன, அங்கே விரல் எப்படிப் போகும் என்று ஓசூரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அப்படியிருந்தும் இது ஏதோ பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் இசை என்று நினைத்து ஒதுங்கிப் போகிறார்கள்.

அடிப்படைப் பாடத்தை ஒரே மூச்சில் முடித்துவிடுகிறேன், எனக்கு அதில் பொறுமை இல்லை. டிரம்ஸ்காரருக்குக் கை இரண்டு, கால் இரண்டு, ஒவ்வொன்றுக்கும் தனி வேலை. வலது கால் பெடலை மிதித்தால் தரையில் படுத்திருக்கும் பெரிய டிரம் அடிபடும், அதுதான் கிக், 'தும்' என்று வயிற்றில் இறங்கும். இடது கை ஸ்னேர் டிரம்மில், 'டக்'. வலது கை ஹை-ஹாட் என்கிற ஜோடித் தட்டிலோ ரைட் என்கிற பெரிய தட்டிலோ ஓடிக்கொண்டே இருக்கும். இடது கால் அந்த ஜோடித் தட்டை மூடித் திறக்கும். நடுவில் டாம் டிரம்கள், ஓரத்தில் கிராஷ் தட்டு. நாலு எண்ணுங்கள். ஒன்றிலும் மூன்றிலும் கிக், இரண்டிலும் நாலிலும் ஸ்னேர். பெரும்பாலான ராக் பாட்டு இந்தக் கணக்கில்தான் ஓடுகிறது. போன் ஸ்பீக்கரில் மட்டும் கேட்காதீர்கள், அதில் கிக் வராது. பஸ் ஸ்டாண்டில் விற்கிற ஒயர் ஹெட்போன் போதும். பாடம் முடிந்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். டிரம்ஸ்காரரின் கையைப் பார்த்து மயங்காதீர்கள், காலைக் கேளுங்கள். கோலைச் சுழற்றுவதும் முடியைச் சிலுப்புவதும் படம் பிடிப்பவர்களுக்காக. ஆள் யார் என்று கால்தான் சொல்லும். உலகத்து ராக் டிரம்ஸ்காரர்களை நான் இரண்டே கட்சியாகப் பிரித்து வைத்திருக்கிறேன்: ஒற்றைக்கால் கட்சி, இரட்டைக்கால் கட்சி.

இரட்டைக்கால் கட்சியின் வரலாறு சுருக்கமானது. இரண்டு பேஸ் டிரம், அதாவது இரண்டு கிக், வைத்து வாசிப்பதை 1940களிலேயே பிரபலமாக்கியவர் ஜாஸ்காரர் லூயி பெல்சன். ராக்கில் ஜிஞ்சர் பேக்கரும் கீத் மூனும் அதை எடுத்துக்கொண்டார்கள். 1979இல் மோட்டார்ஹெட் குழுவின் 'ஓவர்கில்' பாட்டை பில் டெய்லர் இரண்டு காலாலும் ஓட்டித் தொடங்கினார். 1986இல் ஸ்லேயரின் 'ரெய்ன் இன் பிளட்' ஆல்பத்தில் டேவ் லொம்பார்டோ அந்த ஓட்டத்தைப் பாய்ச்சலாக்கினார். ஒரே டிரம்மை இரண்டு காலாலும் அடிக்கிற இரட்டைப் பெடல் 1980களில் கடைக்கு வந்ததும், இரண்டாவது டிரம்மை வண்டியில் ஏற்றும் பாடும் தீர்ந்தது. அதற்குப் பிறகு மெட்டல் என்றால் இரட்டைக்கால்தான் என்று எழுதாத சட்டமாகிவிட்டது.

சட்டம் போட்டவர்கள் ஒன்றை யோசிக்கவில்லை. இடது கால் இரண்டாவது பெடலுக்குப் போய்விட்டால் ஹை-ஹாட்டை யார் பார்த்துக்கொள்வது? அந்த ஜோடித் தட்டு லேசாகத் திறந்து 'ஸ்ஸ்' என்று மூச்சுவிட்டு, அடுத்த எண்ணிக்கையில் 'ப்' என்று மூடுமே, பாட்டுக்கு ஆட்டம் வருவது அதில்தான். இரட்டைக்கால்காரர் வேகமாக ஓடுகிற நேரமெல்லாம் அந்தத் தட்டு அனாதையாகக் கிடக்கும். ஒற்றைக்கால்காரருக்கு வலது கால் அடி, இடது கால் மூச்சு. இந்த இரண்டையும் பிரித்துக் கேட்கப் பழகிவிட்டால் பாதி ரசிகராகிவிட்டீர்கள்.

இரண்டாவது, ஒற்றைக் கால் வைத்திருப்பவர் தேர்ந்தெடுத்தே ஆகவேண்டும். எல்லா இடத்திலும் அடிக்க அவரால் முடியாது. எங்கே அடிப்பது, எங்கே விடுவது, பேஸ் கிட்டார்காரரோடு எந்த இடத்தில் சேர்ந்து விழுவது என்று முடிவு எடுத்துக்கொண்டே போகிறார். அந்த முடிவுகளைத்தான் நாம் ரசிக்கிறோம். மூன்றாவது, ஒரே கால் அடுத்தடுத்து இரண்டு அடி கொடுத்தால் இரண்டும் ஒரே கனத்தில் விழாது. 'தும்-தும்' என்பதில் ஒன்று சற்று மெலிந்திருக்கும். அந்த ஏற்ற இறக்கம்தான் நடை. பம்பைக்காரர் கையிலும் அது உண்டு. பம்பையில் ஒன்றோடொன்று கட்டிய இரண்டு உருளைகளும் இரண்டு குரலில் பேசுவதைச் சின்ன வயதிலிருந்து கேட்ட காதுக்கு, இது ஒரு பெரிய வித்தையே இல்லை.

சான்று வேண்டுமா? 1969இல் வந்த லெட் செப்பெலின் முதல் ஆல்பத்தின் முதல் பாட்டு, 'குட் டைம்ஸ் பேட் டைம்ஸ்'. ஜான் பான்ஹம் திஸ்ர நடையில், மூன்றில் ஒன்றைக் கைக்கு விட்டுவிட்டு மற்ற இரண்டையும் வலது காலால் அடிக்கிறார். கேட்டவர்கள் இரண்டு பேஸ் டிரம் என்றே நினைத்தார்கள். இருந்தது ஒன்றே ஒன்று, பெடலும் ஒன்று. 1971இல் வந்த 'வென் தி லெவி பிரேக்ஸ்' பாட்டுக்கு ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய கட்டடத்தின் மாடிப்படிக் கூடத்தில் டிரம்ஸைப் போட்டு, மேலே படிக்கட்டிலிருந்து மைக்குகளைத் தொங்கவிட்டுப் பதிவு செய்தார்கள். அந்தக் கிக் சுவரில் பட்டுத் திரும்பி வருவதை இன்றுவரை பலர் வெட்டித் தங்கள் பாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். பான்ஹம் 1980 செப்டம்பர் 25 அன்று 32 வயதில் இறந்தார். குழு கலைந்தது. அவர் இடத்தில் வேறு ஆளை உட்காரவைத்து அதே பெயரில் ஓட்ட மற்ற மூவருக்கும் மனம் வரவில்லை. கால் என்றால் அப்படி இருக்கவேண்டும்.

பிளாக் சாபத்தின் பில் வார்ட் ஜீன் குருப்பா போன்ற ஜாஸ்காரர்களைக் கேட்டு வளர்ந்தவர். அதனால்தான் 'வார் பிக்ஸ்' பாட்டில் கனமான கிட்டாருக்குக் கீழே அவர் டிரம்ஸ் ஆடிக்கொண்டே போகிறது. பாடகர் பாடும்போது ஹை-ஹாட்டை மட்டும் ஓடவிட்டு மற்றதையெல்லாம் அடக்கி வைத்திருக்கிறார் பாருங்கள், அந்த அடக்கத்துக்கே நான் அடிமை. 2025 ஜூலை 5 அன்று பர்மிங்காம் வில்லா பார்க்கில் அசல் நால்வரும் 2005க்குப் பிறகு முதல்முறையாக ஒன்றாக மேடையேறினார்கள். வார்டுக்கு அப்போது வயது 77. அந்த மாதமே பாடகர் ஆஸி ஆஸ்பர்ன் காலமானார்.

இனி என் குலதெய்வம். அயர்ன் மெய்டனின் நிக்கோ மெக்பிரெய்ன். 1982இல் குழுவில் சேர்ந்தார். செருப்பு ஷூ எதுவும் இல்லாமல் வெறுங்காலால் மிதிப்பார். 1983 'பீஸ் ஆஃப் மைண்ட்' ஆல்பத்தின் முதல் பாட்டு 'வேர் ஈகிள்ஸ் டேர்', அவருடைய உருட்டலோடுதான் தொடங்கும். குழுவுக்கு வந்த புது ஆளின் விசிட்டிங் கார்டே அதுதான். பாட்டு முழுக்க அந்த ஒற்றைக் கால் திஸ்ரத்தில் ஓடுவதைக் கேளுங்கள். 2007 மார்ச் 17 அன்று பெங்களூரு அரண்மனை மைதானத்தில் மெய்டன் வாசித்தபோது, ஓசூர் எல்லைக்கு இந்தப் பக்கத்திலிருந்தும் கறுப்பு டிஷர்ட் கூட்டம் போனது. நிக்கோவின் டிரம்ஸ் மலைபோல் அடுக்கியிருக்கும், உள்ளே ஆளே தெரியாது. அதுவும் நல்லதுதான். முகம் தெரியாதபோதுதான் காது வேலை செய்யும்.

2023 ஜனவரியில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. செயலிழந்தது வலது பக்கம். ஒற்றைக் காலை நம்பிப் பிழைத்த மனிதருக்கு எந்தப் பக்கம் போனது என்று யோசித்துப் பாருங்கள். அதே ஆண்டு மே மாதம் மறுபடியும் மேடையில் உட்கார்ந்தார். வேகமான உருட்டல்களை எளிதாக்கிக்கொண்டார், நடையை விடவில்லை. 2024 டிசம்பர் 7 அன்று பிரேசிலின் சாவ் பாலோவில் கடைசி முறையாக மெய்டனோடு வாசித்துவிட்டுச் சுற்றுப்பயணத்திலிருந்து ஓய்வு பெற்றார். வேகம்தான் கலை என்கிறவர்கள் அந்தக் கடைசி இரண்டு வருஷ நிகழ்ச்சிகளை உட்கார்ந்து கேட்கட்டும்.

எதிர்க்கட்சிக்கும் கொஞ்சம் நியாயம் செய்கிறேன். லொம்பார்டோ இரட்டைக்கால்காரர்தான், ஆனால் 'ஏஞ்சல் ஆஃப் டெத்' பாட்டில் எல்லோரும் நிறுத்தியபிறகு அந்தக் கால்கள் மட்டும் தனியாக ஓடும் சில விநாடிகளுக்கு நான் எழுந்து நிற்பேன். மெஷுகாவின் தாமஸ் ஹாக்கே 'பிளீட்' பாட்டில் கையால் நாலு எண்ணிக்கொண்டே காலில் வேறு கணக்கு நடத்துகிறார். மதிக்கிறேன். எனக்கு ஆகாதது இவர்கள் பெயரைச் சொல்லிக்கொண்டு பின்னால் வந்த கூட்டம். டிரம்மில் சென்சார் ஒட்டி, கால் பட்டதும் முன்பே பதிவு செய்த ஒரே சத்தம் ஒலிக்கும்படி செய்துவிடுகிறார்கள். மெதுவாக மிதித்தாலும் ஓங்கி மிதித்தாலும் ஒரே 'டிக்'. பிறகு கம்ப்யூட்டரில் ஒவ்வோர் அடியையும் கட்டத்துக்குள் இழுத்து நேராக்குகிறார்கள். மிச்சம் இருப்பது தையல் மெஷின். இதை நிமிஷத்துக்கு எத்தனை அடி என்று அளந்து ரீல்ஸில் போடுகிறார்கள், கீழே நெருப்புப் படம் போட ஒரு லட்சம் பேர்.

விமர்சகர்களையும் விடமாட்டேன். ஆல்பம் விமர்சனத்தில் பாடல் வரிக்கு ஒரு பக்கம், குரலுக்கு ஒரு பக்கம், டிரம்ஸுக்கு "தாளம் பக்கபலம்" என்று ஒரு வரி. நம் ஊர் சினிமா இசை எழுத்தாளர்கள் இன்னும் மோசம். ராஜா ரசிகர் என்று மார்தட்டுகிறவர்களில் எத்தனை பேருக்கு அவர் குழுவில் பல காலம் டிரம்ஸ் வாசித்த புருஷோத்தமன் பெயர் தெரியும்? டிரம்ஸ் என்றால் சிவமணி, அதோடு சரி. சிவமணி பெரிய கலைஞர், 2019இல் பத்மஸ்ரீ வாங்கியவர், அவர் மேல் எனக்குக் குறையே இல்லை. குறை ஃப்யூஷன் கச்சேரி நடத்துகிறவர்கள் மேல். மிருதங்கத்தையும் டிரம்ஸையும் எதிரெதிரே உட்காரவைத்து, இவர் அடிக்க அவர் திருப்பி அடிக்க, கடைசியில் ஒரு தீர்மானம், கைதட்டல். அந்த அரைமணி நேரத்தில் யாராவது யாருடனாவது சேர்ந்து வாசித்தார்களா?

ஏழு எண்ணும் பாட்டு, ஐந்து எண்ணும் பாட்டு என்று ஒற்றைப்படைக் கணக்கைக் காட்டிப் புதியவர்களை மிரட்டுகிறவர்கள் ஒரு தனி ரகம். ஏழு எண்ணும் மிஸ்ர சாபு தாளம் போட்ட ஊரில் ஏழைக் காட்டி யாரை மிரட்டுகிறார்கள்?

வெளியே சொல்லாதீர்கள், உங்களுக்கு மட்டும் சொல்கிறேன்: இங்கிலாந்து வழியாகச் சுற்றி வர வேண்டிய கட்டாயம்கூட இல்லை. 2018 ஜனவரியில் சென்னையில் அரங்கேறிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவைப் போடுங்கள். டிரம்ஸ் கிட்டும் பறையும் சட்டியும் ஒரே மேடையில். 'தும்' எங்கிருந்து வருகிறது, அது தோலா கிக்கா என்று பிரித்துப் பாருங்கள். அது பிடிபட்டதும் பெங்களூரின் கிரிப்டோஸுக்குப் போங்கள். 1998இலிருந்து இருக்கும் குழு, ஜெர்மனியின் வாக்கன் மெட்டல் திருவிழாவரை போய்வந்தவர்கள், கிருஷ்ணகிரியிலிருந்து ஒரே பஸ் தூரத்துக்காரர்கள். அங்கிருந்து வார்ட், பான்ஹம், நிக்கோ என்று வரிசையாக ஏறுங்கள். ஒவ்வொரு பாட்டையும் முதல் தடவை முழுசாக, இரண்டாம் தடவை வலது காலை மட்டும், மூன்றாம் தடவை இடது காலை மட்டும் கேளுங்கள். கிட்டார் தானாகக் காதில் விழும், அதைத் தேடிப் போக வேண்டாம்.

இவ்வளவும் படித்துவிட்டு யாராவது விவரக்காரர் கேட்பார், எனக்குத் தெரியும்: 2003இல் வந்த 'டான்ஸ் ஆஃப் டெத்' ஆல்பத்தில் 'ஃபேஸ் இன் தி சாண்ட்' என்ற பாட்டுக்கு உங்கள் நிக்கோவே இரட்டைப் பெடல் மிதித்தாரே என்று. மிதித்தார். இத்தனை வருஷ வாசிப்பில் அந்த ஒரே ஒரு பாட்டுக்கு. நல்ல பாட்டுதான். என் பட்டியலில் மட்டும் அது கிடையாது.