உள்ளங்கையில் ஓர் ஊர்வலம்

லண்டனின் பிரிட்டன்ஸ் நிறுவனம் 1893-இல் வார்க்கத் தொடங்கிய ஈயப் பொம்மைச் சிப்பாயைக் கையில் எடுத்தால், முதலில் வியக்க வைப்பது அதன் எடைக்குறைவுதான். உருகிய உலோகத்தை அச்சில் ஊற்றி, ஓரம் இறுகியதுமே மிச்சத்தைக் கவிழ்த்துவிடுவார்கள்; உள்ளே வெறும் கூடு. அந்தக் கணத்தைத் தவறவிடாத கைப்பழக்கம் எத்தனை அழகு! பிறகு தூரிகை. மீசைக்கு ஒரு தீற்றல், கன்னச் சிவப்புக்கு ஒரு பொட்டு.

சேகரிப்பவர்கள் பொத்திப் பொத்தி வைத்திருப்பது இதே நிறுவனத்தின் முடிசூட்டு விழாச் சாரட்டுப் பொம்மையை. மெல்லத் தள்ளினால், எட்டு வெண்சாம்பல் குதிரைகளின் பின்னே பொன்வண்ணச் சாரட்டு மேசைமேல் கரகரவென்று உருண்டு வரும். குதிரையின் காதோரம் பூச்சு தேய்ந்து ஈயம் தெரியும் இடத்தில் பலர் மறுபூச்சு பூசுவதில்லை. அது என்றோ ஒரு குழந்தையின் விரல் பட்ட இடம்.