நாத்தான்மெலெக்கின் களிமண்

2 இராஜாக்கள் 23ஆம் அதிகாரத்தில் நாத்தான்மெலெக்குக்குக் கிடைத்திருப்பது ஒரே ஒரு வசனம். அதிலும் அவர் எதுவும் செய்வதில்லை, ஒரு வார்த்தை பேசுவதில்லை. யோசியா அரசர் ஆலயத்தைச் சுத்திகரிக்கிறார். யூதாவின் முந்தைய அரசர்கள் சூரியனுக்கென்று நிறுத்தியிருந்த குதிரைகளை அகற்றுகிறார். அந்தக் குதிரைகள் எங்கே நின்றன? நாத்தான்மெலெக் என்ற பிரதானியின் அறையருகே. டாக்டர் வீட்டுக்கு எதிர்ச்சந்து என்று நாம் வழி சொல்வதில்லையா, அதுபோல அவருடைய அறை ஓர் அடையாளம். அவ்வளவுதான்.

அப்படிப்பட்டவரின் பெயர் 2019இல் உலகச் செய்தியானது. எருசலேமில் தாவீதின் நகரம் எனப்படும் பகுதியில், கிவாத்தி வாகன நிறுத்துமிடத்தில் நடந்த அகழாய்வில், கி.மு. 6ஆம் நூற்றாண்டில் அழிந்த பெரிய கட்டடம் ஒன்றுக்குள் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் அளவே உள்ள களிமண் முத்திரை கிடைத்தது. அகழாய்வை நடத்தியவர்கள் யிஃப்தா ஷாலெவ், யுவால் காதோத். எழுத்தைப் படித்தவர் அனாத் மெண்டல்-கெபெரோவிச். அரசரின் ஊழியரான நாத்தான்மெலெக்குக்கு உரியது என்பதே அதன் வாசகம்.

இந்த முத்திரைகள் எப்படி உண்டாயின என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பாப்பிரஸ் தாளில் எழுதிய ஆவணத்தைச் சுருட்டி நூலால் கட்டுவார்கள். முடிச்சின்மேல் ஈரக் களிமண்ணை உருண்டையாக வைத்து, அதில் முத்திரைக்கல்லை அழுத்துவார்கள். முன்பக்கம் பெயர் விழும். பின்பக்கம் நூலின் தடம் விழும். பாபிலோன் படை நகரைக் கொளுத்தியபோது ஆவணங்கள் சாம்பலாயின. அவற்றைக் காத்த களிமண் பல இடங்களில் அதே நெருப்பில் வெந்து இறுகி நின்றது. கடிதத்தில் என்ன இருந்தது என்பது போய்விட்டது. யாருடைய முத்திரை என்பது மட்டும் எஞ்சியது.

இப்படி ஒன்று கிடைத்த மறுவாரமே நம் பிரசங்க மேடைகளிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் 'வேதாகமம் மெய்யென்று மண்ணே சாட்சி சொல்கிறது' என்ற பேச்சு கிளம்பிவிடும். அந்த மகிழ்ச்சி எனக்குப் புரியும். அந்த முத்திரையின் படத்தை நானும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஆனால் மண் சொல்லாததை எல்லாம் அதன் வாயில் திணிப்பது மண்ணுக்கும் நியாயமில்லை, வேதத்துக்கும் நியாயமில்லை.

ஒரு கல்வெட்டுப் பெயரும் ஒரு வேதாகமப் பெயரும் ஒரே ஆளைக் குறிக்கின்றனவா என்று தீர்மானிக்க லாரன்ஸ் மைக்கிடியுக் போன்ற ஆய்வாளர்கள் கேட்கும் கேள்விகள் எளிமையானவை. பொருள் முறையான அகழாய்வில் கிடைத்ததா, கடைவீதியில் வாங்கியதா? காலமும் இடமும் ஒத்துவருகின்றனவா? தகப்பன் பெயர், பதவி போன்ற அடையாளங்கள் எத்தனை பொருந்துகின்றன? நாத்தான்மெலெக் முதல் இரண்டு கேள்விகளில் நன்றாகவே தேறுகிறார். எபிரெய வேதாகமத்தில் ஒரே ஒரு முறை வரும் அபூர்வமான பெயர் என்பதும் அவருக்குச் சாதகம். ஆனால் முத்திரையில் தகப்பன் பெயர் இல்லை. எபிரெய வசனம் அவரை 'சாரீஸ்' என்கிறது; தமிழில் 'பிரதானி' என்று வருவது அந்தச் சொல்தான். முத்திரையோ 'அரசரின் ஊழியர்' என்கிறது. இருவரும் ஒருவரே என்பது பெரிதும் சாத்தியம், உறுதி அல்ல. உறுதியென்றே கொண்டாலும், நிரூபணமாவது அப்படியொரு அதிகாரி வாழ்ந்தார் என்பது மட்டுமே. குதிரைகளைப் பற்றியோ, கி.மு. 622 வாக்கில் யோசியா செய்த சீர்திருத்தம் எவ்வளவு தூரம் எட்டியது என்பது பற்றியோ அந்தக் களிமண் ஒன்றும் சொல்லவில்லை. அந்த விவாதம் இன்னும் ஓயவில்லை.

முதல் கேள்வியை அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்பதற்குப் பாருக்கின் முத்திரை உதாரணம். எரேமியாவின் எழுத்தராகிய பாருக்கினுடையது என்று பல ஆண்டுகள் கொண்டாடப்பட்ட அது, பழம்பொருள் சந்தையிலிருந்து வந்தது. 2014இல் யுவால் கோரனும் எரான் அரியேயும் அது போலி என்ற முடிவுக்கு வந்தார்கள். எத்தனை புத்தகங்களில், எத்தனை பிரசங்கங்களில் அது அதற்குள் ஏறிவிட்டிருந்தது!

இந்தத் தேடலை நான் மதிப்பது நிரூபணத்துக்காக அல்ல, வாசிப்புக்காக. எரேமியா 39:3ஐ நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் எடுத்துப் பாருங்கள். எருசலேமின் நடுவாசலில் வந்து உட்கார்ந்த பாபிலோன் பிரபுக்களின் பட்டியலில் சம்கார்நேபோ, சர்சேகிம், ரப்சாரீஸ் என்று மூன்று பேர் வரிசையாக நிற்பார்கள். 2007இல் வியன்னா பல்கலைக்கழகத்தின் மைக்கேல் யுர்சா, பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் 1920 முதல் இருந்துவந்த சிறு ஆப்பெழுத்துப் பலகை ஒன்றைப் படித்தார். நேபுகாத்நேச்சாரின் 10ஆம் ஆண்டில், அதாவது கி.மு. 595இல், நாபு-ஷர்ருசு-உகின் என்ற அதிகாரி ஒன்றரை மினா தங்கத்தை, ஏறத்தாழ முக்கால் கிலோ, பாபிலோனின் எசாகிலா கோயிலுக்கு அனுப்பியதற்கான ரசீது அது. அவருடைய பதவி அரண்மனை அண்ணகர்களின் தலைவர். அக்காதிய மொழியில் 'ரப் ஷ ரேஷி', எபிரெயத்தில் 'ரப்சாரீஸ்'. எபிரெய எழுத்துகளை வேறிடத்தில் பிரித்தால் நேபோ-சர்சேகிம் என்று பெயர் சரியாக வந்து விழுகிறது. மூன்று பேர் என்று நினைத்தோம். முதல் பெயரின் 'நேபோ' பிரிந்து வந்து சர்சேகிமோடு சேர, ரப்சாரீஸ் அவருடைய பதவியாகிவிடுகிறது. பெயர், பதவி, அரசர், காலம் நான்கும் பொருந்துகின்றன. ஒரு கோயில் ரசீது வேத வசனத்துக்குப் பதம் பிரித்துக் கொடுத்திருக்கிறது. இந்தத் தேடல் தரக்கூடிய மிகச் சிறந்த பலன் இதுதான் என்பேன்.

ஆனாலும் இதில் ஒரு கோணல் உண்டு; என்னை அதிகம் உறுத்துவதும் அதுவே. முத்திரை வைத்திருந்தவர்கள் மட்டுமே மண்ணில் மிஞ்சுகிறார்கள். எரேமியா 38ஆம் அதிகாரத்தில், தீர்க்கதரிசியைக் கொல்ல வேண்டும் என்று அரசரிடம் கேட்ட பிரபுக்களில் இருவர் செலேமியாவின் மகன் யூகால், பஸ்கூரின் மகன் கெதலியா. தகப்பன் பெயரோடு இருவரின் களிமண் முத்திரைகளும் கிடைத்துவிட்டன: யூகாலுடையது 2005இல், கெதலியாவுடையது 2008இல், எய்லாத் மாசாரின் அகழாய்வில், ஒன்றுக்கொன்று சில மீட்டர் தூரத்தில். எரேமியாவைத் துரவுக்குள் இறக்கிய கூட்டத்தில் இருவருக்கு மண் சாட்சி உண்டு.

அவரை வெளியே எடுத்தவர் எபெத்மெலேக், அரண்மனையில் வேலை பார்த்த ஓர் எத்தியோப்பியர். பெயரே அரசரின் ஊழியர் என்றுதான் பொருள்படும். தகப்பன் பெயர் சொல்லப்படவில்லை. நாளை அப்படியொரு முத்திரை கிடைத்தாலும் அதிலிருப்பது பெயரா பதவியா என்று முதலில் வாதாட வேண்டியிருக்கும். ஆனால் வேதம் அவருடைய கைகளை மிக அருகில் காட்டுகிறது. 30 பேரைக் கூட்டிக்கொள்கிறார். நேரே துரவுக்கு ஓடாமல் அரண்மனையின் பொக்கிஷ அறைக்குக் கீழே போய்க் கந்தைகளையும் கிழிந்த பழந்துணிகளையும் பொறுக்குகிறார். கயிற்றோடு அவற்றை உள்ளே இறக்கி, அக்குளில் கயிறு அறுக்காதபடி துணியை அடியில் வைத்துக்கொள்ளச் சொல்கிறார். சேற்றில் புதைந்திருந்தவர் அந்தக் கந்தையை அக்குளுக்குள் செருகிக்கொள்ளும்வரை, மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறார்கள்.