புட்டிங்கில் இல்லாத கைகள்

சாரா ஜோசஃபா ஹேல் 1827இல் எழுதிய ‘நார்த்வுட்’ நாவலில் நன்றிநாள் விருந்து ஒன்று விரிவாக வருகிறது. வான்கோழியும் பூசணிப் பையும் இருக்கும் அந்த மேசையில் ஆங்கிலேயரின் பிளம் புட்டிங்கும் இருக்கிறது. ஆட்சியை உதறிய அமெரிக்கா, பண்டிகைச் சாப்பாட்டில் இங்கிலாந்தை உதறவில்லை. அந்நாளைத் தேசிய விழாவாக்கக் கோரி ஹேல் பல ஆண்டுகள் எழுதினார். 1863இல் லிங்கன் அறிவித்தார். அடுக்களைக்கு நாட்டு மதிப்பு வாங்கித் தந்த அதே ஹேல், பெண்களுக்கு வாக்குரிமை கூடாது என்றார்.

நூறாண்டு கழித்து, 1927இல், பிரிட்டனின் பேரரசு விற்பனை வாரியம் இதே புட்டிங்குக்குச் செய்முறை வெளியிட்டது. தந்தவர் அரண்மனைச் சமையல்காரர். உலர்திராட்சை ஆஸ்திரேலியா, கிராம்பு சான்சிபார், பட்டை இந்தியா அல்லது இலங்கை என ஒவ்வொன்றுக்கும் நாடு குறித்தார்கள். பறித்தவருக்கும் உரித்தவருக்கும் அதில் இடமில்லை. மணிக்கணக்கில் அடுப்பருகே நின்று ஆவியில் வேகவைத்த பெண்ணுக்கும் இல்லை.

கொல்லிமலையிலிருந்து படிக்கும் எனக்கு இது பழங்கதை அல்ல. இன்று நகரத்து விருந்துகளில் ‘கொல்லிமலைச் சாமைப் பொங்கல்’ என்று ஊர்ப்பெயர் மினுங்குகிறது. சாமையின் உமி லேசில் கழலாது. அரைவை இயந்திரம் வரும்வரை அதை உரலில் குத்திப் புடைத்தவர்கள் மலையாளிப் பழங்குடிப் பெண்கள். மரவள்ளி வயல்களைப் பிடித்துக்கொண்ட பிறகும் விதையைக் காத்ததில் அவர்கள் பங்கு பெரிது.

ஊரைச் சொல்லி உழைப்பை மறைப்பது பேரரசின் கைப்பக்குவம். ‘எங்கிருந்து வந்தது’ என்பதோடு நிறுத்தாமல், ‘யார் கையால், என்ன கூலிக்கு’ என்றும் கேட்டுப் படித்தால்தான் சமையல் குறிப்பு முழுமையாகும்.