காயத்துக்கு யார் கட்டுப் போட்டது?

சில வருடங்களுக்கு முன் நான் எழுதிய சிறுகதையொன்றில் ஒரு பொடியன் தோளில் சூடு வாங்குகிறான். தோழனொருவன் சாரத்தைக் கிழித்துக் கட்டுப் போடுகிறான். பொடியன் பல்லைக் கடித்துக்கொள்கிறான். அடுத்த பந்தியில் விடிந்துவிடுகிறது. அவன் சைக்கிளில் ஏறி அடுத்த ஊருக்குச் செய்தி கொண்டு போகிறான். கதை அச்சில் வந்தபோது இரண்டொருவர் தொலைபேசியில் பாராட்டினார்கள். போராட்ட வாழ்வை அப்படியே கொண்டுவந்துவிட்டதாக ஒருவர் சொன்னார்.

எனக்குத் தெரிந்த அண்ணை ஒருவரும் அதை வாசித்தார். ஓர் இயக்கத்தில் இருந்து, காயப்பட்டு, பின்னர் இயக்கத்தையும் நாட்டையும் விட்டு வந்தவர். அவருக்கும் தோளில்தான் சூடு. வாசித்து முடித்த பிறகு அவர் இலக்கியம் எதுவும் பேசவில்லை. "தம்பி, உம்மட பொடியன் அடுத்த நாளே சைக்கிள் ஓடுறான். எனக்கு இண்டைக்கும் சேட்டுப் போடேக்க இந்தக் கை மேல வராது" என்றார். சற்றுப் பொறுத்து, "அதுக்குப் பிறகு ஆர் அவனுக்குக் கட்டு மாத்தினது?" என்று கேட்டார்.

என்னிடம் பதில் இருக்கவில்லை. அந்தக் கேள்வியைத்தான் இங்கே எம் எல்லோர் முன்பும் வைக்க விரும்புகிறேன்.

எமது போர்க்கதைகளில் காயத்துக்கென்று ஓர் இலக்கணம் உருவாகிவிட்டது. பெயர் சொல்லி எவரையும் குற்றஞ்சாட்டும் நோக்கம் எனக்கில்லை. முதற் குற்றவாளி நானே. கதாநாயகனுக்குச் சூடு படுவதென்றால் தோளில் படும். சாகவேண்டியவன் நெஞ்சில் வாங்கி, தோழனின் மடியில் கிடந்து, அரைப் பக்கம் பேசிவிட்டுச் சாவான். சன்னத்தைக் கத்தியால் தோண்டி எடுத்துவிட்டால் ஆபத்து நீங்கிவிடும். துவக்குப் பிடியால் தலையில் அடிபட்டவன் இரவு முழுக்க மயங்கிக் கிடந்து காலையில் தெளிவாக எழுந்து நடப்பான். இவற்றை நாம் வன்னியிலோ வடமராட்சியிலோ கற்கவில்லை. சினிமாக் கொட்டகையில் கற்றோம்.

உடம்பு இந்த இலக்கணத்துக்கு அடங்குவதில்லை. கைக்குப் போகும் பெரிய நாடியும், கையை அசைக்கும் நரம்புகளின் பின்னலும் தோளின் அடியால், அக்குள் வழியாகத்தான் செல்கின்றன. நாடி அறுந்தால் சிறிது நேரத்திலேயே உயிர் போகலாம். நரம்புகள் அறுந்தால் உயிரோடிருக்கும் மனிதனின் உடம்பில் கை மட்டும் செத்துத் தொங்கும். வளர்ந்த ஒருவரின் உடலில் ஓடுவது ஏறக்குறைய 5 லீற்றர் இரத்தம். அதில் மூன்றிலொரு பங்கை இழந்தவனுக்கு நாடித்துடிப்பு விரைகிறது, தோல் குளிர்ந்து வியர்க்கிறது, நா வறள்கிறது, புத்தி தடுமாறுகிறது. அவன் விடுதலை பற்றி உரையாற்றமாட்டான், தண்ணீர் கேட்பான். உள்ளே கிடக்கும் சன்னத்தை வைத்தியர்கள் பல வேளைகளில் அப்படியே விட்டுவிடுகிறார்கள். சன்னத்தோடு உள்ளே போன துணியும் மண்ணும், செத்துப்போன தசையும்தான் அவர்களுக்குக் கூடுதலான கவலை. போர்க்காயத்தை உடனே தைத்து மூடக்கூடாது என்பது போர்க்களச் சத்திரசிகிச்சையின் அடிப்படைப் பாடங்களில் ஒன்று. செத்த தசையை வெட்டி அகற்றிவிட்டு, திறந்தபடி கட்டி வைத்து, நான்கைந்து நாள் கழித்தே மூடுவார்கள். அந்த நான்கைந்து நாட்கள் எமது கதைகளில் எங்கே?

"கதை எழுதமுன் மருத்துவபீடத்துக்குப் போகச் சொல்கிறீரா?" என்று நண்பர்கள் கேட்கலாம். "களத்தில் நின்றவன்தான் எழுதலாம் என்கிறீரா?" என்றும் கேட்கலாம். இரண்டுமில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்து ஆறு வருடங்களின் பின், 1871இல் பிறந்தவர் ஸ்ரீபன் கிரேன். அந்தப் போரைப் பற்றி 1895இல் அவர் எழுதிய நாவல் இன்றும் நிற்கிறது. அதில் அவருடைய சிப்பாய் தலையில் வாங்கும் காயம் எதிரி தந்ததல்ல. சிதறி ஓடிவரும் சொந்தப் படையாள் ஒருவன் துவக்கால் அடித்தது. மற்றவர்கள் அதைச் சூட்டுக்காயம் என்று எடுத்துக்கொள்ள, அவன் மறுத்துப் பேசுவதில்லை. இதைக் கண்டுபிடிக்க அனுபவம் தேவைப்படவில்லை. கூச்சமில்லாத பார்வை தேவைப்பட்டது.

நான் கேட்பது மருத்துவத் தகவல்களை அல்ல. காயத்துக்கு ஒரு காலம் உண்டு. அந்தக் காலத்தைத்தான் கேட்கிறேன். டோல்ஸ்ரோய் 'போரும் அமைதியும்' நாவலில் இளவரசன் அந்திரேயை 1812இல் பொரோதினோ களத்தில் எறிகணையால் வயிற்றில் காயப்படுத்துகிறார். அங்கேயே சாகடித்திருந்தால் அழகான ஒரு வீரமரணம் கிடைத்திருக்கும். அவரோ வாரக்கணக்காக அவனைச் சாகவிடாமல் வைத்திருக்கிறார். வண்டியில் குலுங்கிக் குலுங்கிப் போகிறான். காய்ச்சல் வருகிறது. காயத்தைத் திறந்து பார்க்கும் வைத்தியரும் வேலைக்காரனும் அழுகிய தசையின் நாற்றத்தில் முகம் சுளிக்கிறார்கள். காலுறை பின்னும் கிழட்டுத் தாதிமாரைப் போல் நோயாளியைப் பார்க்க எவராலும் முடியாது என்று அவன் ஒருமுறை சொன்னதற்காக, நத்தாஷா காலுறை பின்னப் பழகிக்கொண்டு அவனருகே இருக்கிறாள். அந்த நூலுருண்டை மட்டும் இல்லாதிருந்தால் அந்திரேயின் மரணம் எனக்கு வெறும் தத்துவமாகப் போயிருக்கும்.

இதற்கு நாம் ரஷ்யாவுக்குப் போகவேண்டியதுகூட இல்லை. எமது மரபிலேயே இரண்டு விதமான காயங்கள் உண்டு. ஒன்று திசையுள்ள காயம்: மார்பில் பட்டால் விழுப்புண், முதுகில் பட்டால் புறப்புண். மகன் புறமுதுகிட்டான் என்ற பேச்சைக் கேட்டு, அது உண்மையானால் பாலூட்டிய முலையை அறுத்தெறிவேன் என்று வாளோடு களத்துக்குப் போகும் தாயை நாம் மேடைதோறும் ஏற்றியிருக்கிறோம். சேரமான் பெருஞ்சேரலாதனின் கதை இன்னும் விசித்திரமானது. வெண்ணியில் கரிகாலன் அவன் மார்பைக் குறித்து எறிந்த படை முதுகிலும் புண்ணை உண்டாக்கிற்று. அந்தப் புண்ணுக்கு நாணி அவன் வடக்கிருந்து உயிர்விட்டான். முன்னால் புகுந்த ஆயுதம் பின்னால் வெளிவரும் என்பது உடம்பின் சாதாரண நியதி. அந்த நியதியைக்கூட ஏற்காத ஓர் ஒழுக்கம் ஓர் அரசனைப் பட்டினியில் கொன்றது.

மற்றது இரவுள்ள காயம். புறநானூற்றின் 281ஆம் பாட்டில் அரிசில்கிழார் களத்தைக் காட்டவேயில்லை. காயப்பட்டவன் வீட்டில் கிடக்கிறான். ஒரு பெண் தன் தோழியை அழைக்கிறாள்: வேம்பும் இரவமும் மனையில் செருகுவோம், ஐயவி சிதறுவோம், மணி அடிப்போம், குழல் ஊதுவோம், காஞ்சி பாடுவோம், புகையிடுவோம், அவன் புண்ணைக் காப்போம் என்கிறாள். காயம் முன்னா பின்னா என்று அவள் ஆராயவில்லை. அவளுக்கு முன்னால் இருப்பது ஒரு நீண்ட இரவு. விழித்திருக்க இரண்டு பெண்கள் தேவை.

நாம் முதலாவது காயத்தை மட்டும் சுவீகரித்துக்கொண்டு இரண்டாவதைத் தொலைத்துவிட்டோம். இது வெறும் இலக்கியக் குறைபாடல்ல. திசையை மட்டும் பார்க்கும் கண்ணுக்கு மாவீரனும் துரோகியும் தெரிவார்கள்; சேட்டுக்குள் கையை நுழைக்க முடியாத மனிதன் தெரியமாட்டான். செத்தவனுக்கு நாம் கல் நாட்டினோம், கவிதை பாடினோம். மிதிவெடியில் காலை இழந்து சாகாமல் இருந்தவனுக்கு எமது கதைகளில் என்ன இடம்? கடைசிப் பக்கத்தில் ஊன்றுகோலோடு தோன்றி, கதாசிரியரின் கருத்தைச் சொல்லிவிட்டுப் போவதுதான்.

இங்கே இன்னொரு விடயத்தையும் நாம் நேராகப் பார்க்கவேண்டும். காயத்தைச் சொல்வது அகதிக்கு ஒரு வாழ்க்கைப் பிரச்சினை. ஐக்கிய நாடுகள் ஏற்றுக்கொண்ட, 1999இல் உருவான இஸ்தான்புல் நெறிமுறை, தழும்புக்கும் சொல்லப்படும் கதைக்கும் உள்ள பொருத்தத்தை வைத்தியர் படிப்படியாகத் தரம்பிரித்துச் சொல்ல வழி செய்கிறது. பொருந்தவில்லை என்பது தொடங்கி, வேறெதனாலும் வந்திருக்க முடியாது என்பது வரை அந்தப் படிகள் போகின்றன. கே.வி. என்ற எழுத்துகளால் மட்டும் அறியப்படும் இலங்கைத் தமிழர் ஒருவரின் வழக்கு பிரித்தானிய உச்ச நீதிமன்றம் வரை போனது. அவருடைய முதுகிலும் கையிலும் சூடாக்கிய உலோகக் கம்பியால் சுட்ட தழும்புகள். கையிலிருந்தவற்றின் விளிம்புகள் மங்கலாக இருந்தன. முதுகிலிருந்தவற்றின் விளிம்புகள் துல்லியமாக இருந்தன. கையில் சுட்டபோது நினைவோடிருந்து துடித்தேன், முதுகில் சுட்டபோது மயங்கியிருந்தேன் என்பது அவருடைய வாக்குமூலம். தஞ்சம் பெறுவதற்காக அவரே இன்னொருவரைக் கொண்டு சுடுவித்திருக்கலாம் என்ற சந்தேகத்தின் பேரில் கீழ்த் தீர்ப்பாயம் அவரை நம்ப மறுத்தது. 2019 மார்ச்சில்தான் உச்ச நீதிமன்றம் மேன்முறையீட்டை ஏற்று, வழக்கை மீள விசாரிக்க அனுப்பியது. ஒரு தழும்பின் விளிம்பில் ஒரு மனிதன் துடித்ததும் துடிக்காமல் கிடந்ததும் எழுதப்பட்டிருந்தது. அந்த வாசிப்புக்கு எத்தனை வருடங்கள் எடுத்தன!

இதற்கு நேரெதிரான ஒரு சம்பவமும் உண்டு. 1866இல் அமெரிக்கச் சஞ்சிகையொன்றில், போரில் கை கால் நான்கையும் இழந்த ஜோர்ஜ் டெட்லோ என்பவரின் தன்வரலாறு போன்ற ஒரு கதை பெயரில்லாமல் வந்தது. இல்லாத கால் வலிக்கும் விதம் அதில் அவ்வளவு நுணுக்கமாக எழுதப்பட்டிருந்தது. வாசகர்கள் டெட்லோவை உண்மை மனிதர் என்றே நம்பிப் பணம் சேர்த்தார்கள். அவரைப் பார்க்க வைத்தியசாலைக்கும் போனார்கள். எழுதியவர் சைலஸ் வெயர் மிச்செல். போரில் நரம்பு காயப்பட்ட சிப்பாய்களுக்கு வைத்தியம் பார்த்தவர். இல்லாத அங்கத்தின் உணர்வுக்கு மாய அங்கம் என்ற பெயரை அவர் தந்தது அதன் பிறகு, 1871இல். கற்பனையான காயம் அங்கே நம்பப்பட்டது. உண்மையான காயம் இங்கே நம்பப்படவில்லை. எமது பொய்க் காயங்கள்தான் இதற்குக் காரணம் என்று நான் சொல்லவரவில்லை. அதிகாரிகள் எமது சிறுகதைகளை வாசிப்பதில்லை. ஆனால் சொந்தக் காயத்தைச் சொல்ல வார்த்தை தேடும் எம்மவருக்கு நாம் எந்த மொழியைச் செய்து வைத்திருக்கிறோம்? "அடிச்சாங்கள், சுட்டாங்கள்" என்பதற்கு அப்பால் ஒரு வாக்கியம் தந்திருக்கிறோமா?

காயத்தை விபரிப்பது காயத்தைக் காட்சிக்கு வைப்பதாகிவிடும் என்ற எச்சரிக்கையையும் நான் மறுக்கவில்லை. 2009இல் லண்டனிலும் பாரிசிலும் ரொறொன்ரோவிலும் காயப்பட்ட குழந்தைகளின் படங்களைப் பெருப்பித்து வீதிகளில் தூக்கினோம். நானும் தூக்கினேன். அன்று வேறு வழி தெரியவில்லை. அந்தப் படங்களில் இரத்தம் குறைவின்றி இருந்தது; குழந்தையின் பெயரும் அடுத்த நாளும்தான் இருக்கவில்லை. கதைக்கான அளவுகோல் இங்கேதான் இருக்கிறதென்று நினைக்கிறேன். காயப்பட்டவருக்கும் அவரைப் பார்ப்பவருக்கும் எது தெரியுமோ அதை எழுதுவோம். எவரும் தன் முதுகைத் தான் காண்பதில்லை. கட்டு மாற்றுபவளுக்குக் காயத்தின் நிறமும் மணமும் நாளுக்கு நாள் தெரியும். அதற்கு மேலே சிந்தும் ஒவ்வொரு துளி இரத்தமும் ஆசிரியர் தன் கணக்கில் சிந்துவது.

அண்ணையைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஒருமுறை அவரோடு மொழிபெயர்க்க இங்குள்ள வைத்தியசாலையொன்றுக்குப் போனேன். காந்தப் படம் எடுப்பதற்கு முன் ஒரு படிவம் தந்தார்கள். உடலில் உலோகத் துண்டுகள் ஏதும் உண்டா என்பது அதிலொரு கேள்வி. தோளில் இன்னும் துண்டுகள் கிடக்கின்றன. அவர் பேனையைக் கையில் வைத்தபடி மெதுவாகக் கேட்டார்: "ஓம் எண்டு போட்டா, எப்பிடி வந்ததெண்டும் கேப்பினமோ?"

காத்திருந்த நேரத்தில் நான் அவருடைய பழைய கேள்வியை அவரிடமே திருப்பிக் கேட்டேன். அவரை ஒளித்து வைத்திருந்த வீட்டில் ஓர் அக்கா இருந்தாவாம். உப்புத் தண்ணீர் கொதிக்கவைத்து, பழைய வேட்டியைக் கிழித்து அவித்துக் காயவைத்து, நாற்பது நாளுக்கு மேல் கட்டு மாற்றினாவாம். கழற்றிய துணியை அயலட்டை காணாமல் இரவில் எரித்தாவாம். அந்த அக்காவின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. என் கதையிலும் இருக்கவில்லை.

அந்தக் கதையை இப்போது திருப்பி எழுதுகிறேன். சைக்கிளை எடுத்துவிட்டேன். அக்கா வந்துவிட்டா. கதை ஐந்தாம் நாளில் நிற்கிறது.