கறுப்பு கேட்கும் கை

வெள்ளைக் காரை வைத்து ஒரு பாலிஷ்காரரின் திறமையை எடைபோட முடியாது. நன்றாகச் செய்தாலும் அரைகுறையாகச் செய்தாலும் பத்தடி தள்ளி நின்றால் ஒன்றுபோலத்தான் தெரியும். வெள்ளி நிறம் இன்னும் தாராளம், எதையும் மறைத்துக் கொடுக்கும். செய்தவரைக் காட்டிக்கொடுப்பது கறுப்புதான். ஆகவே டீடெய்லிங் கடைக்குள் நுழைந்தால் என் கண் முதலில் கறுப்பு பானெட்டைத் தேடும். அதில் ஒரு எல்.இ.டி. விளக்கு பிரதிபலிக்கும் இடத்தைப் பார்த்தாலே அந்தக் கடையின் கை எப்படிப்பட்டது என்று புரிந்துவிடும்.

காரணம் ஒளியில் இருக்கிறது. வெள்ளைப் பெயிண்ட் தன்மேல் விழும் ஒளியில் பெரும்பகுதியை எல்லாத் திசைக்கும் இறைக்கிறது. கீறல்கள் சிதறவிடும் சொற்ப ஒளி அந்த வெளிச்சத்தில் காணாமல் போகும். கறுப்போ உள்ளே போன ஒளியைத் திருப்பித் தருவதில்லை. மேல்பரப்பு பிரதிபலிப்பது மட்டுமே கண்ணுக்கு வருகிறது. நேராக விழும் ஒளியில் அது சுமார் 4 சதவீதம். அந்த 4 சதவீதமும் ஒழுங்காகத் திரும்பினால் கறுப்புக்கு ஆழம் வருகிறது. அதில் கொஞ்சம் சிதறினாலும் வண்டி சாம்பல் பூத்துப்போகும்.

வெயிலில் நிற்கும் கறுப்பு காரில் சூரியனின் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்தி வலைபோல ஒரு வட்டப் பின்னல் தெரியுமே, அதைத்தான் கடைக்காரர்கள் ஸ்விர்ல் என்கிறார்கள். உண்மையில் அந்தக் கீறல்கள் வட்டமானவை அல்ல. எல்லாத் திசையிலும் தாறுமாறாகக் கிடப்பவை. விளக்கின் பிம்பத்துக்குக் குறுக்காக அமைந்தவை மட்டும் ஒளியை நம் கண்ணுக்கு அனுப்புவதால் வட்டமாகத் தோன்றுகின்றன. பலநாள் தேய்த்த எவர்சில்வர் தட்டை பல்புக்கு அடியில் பிடித்துப் பாருங்கள், அதே பின்னல் தெரியும். தட்டை நகர்த்தினால் பின்னலும் பல்பின் பிம்பத்தோடு நகரும். நல்ல பாலிஷ்காரர் கையில் டார்ச்சோடு வண்டியைச் சுற்றிச் சுற்றி வருவது இதற்காகத்தான். ஒரு கோணத்தில் ஒளிந்திருக்கும் கீறல் இன்னொரு கோணத்தில் அகப்படும்.

இந்தக் கீறல்கள் எங்கிருந்து வருகின்றன என்பதை சென்னையில் எந்த அடுக்குமாடி வாசலிலும் விடிகாலையில் பார்க்கலாம். ராத்திரி படிந்த தூசியின் மேலேயே துணி ஓடுகிறது. ஒரே வாளித் தண்ணீரில் நாலைந்து வண்டிகள். துடைப்பவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அவருக்குக் கிடைக்கும் நேரமும் தண்ணீரும் அவ்வளவுதான்.

அரிப்பு வேறு ஜாதி. போர் தண்ணீர் வெயிலில் காய்ந்தால் உப்பு வளையம் வளையமாகத் தங்கும். காக்கை எச்சம் பெயிண்டையே தின்னும். வெயிலில் காய்ந்த பானெட்டில் பெயிண்டின் மேலடுக்கான கிளியர் கோட் இளகியிருக்கும்போது எச்சம் அதில் ஒட்டிக்கொண்டு, பரப்பையே குழியாக்கிவிடும். அனுபவஸ்தர் இந்தக் கறைகள்மேல் மெஷினை உடனே வைப்பதில்லை. முதலில் லேசான அமிலக் கரைசலால் உப்பைக் கரைத்துத் துடைக்கிறார். அதற்குப் பிறகும் வளையம் தெரிந்தால்தான் அது அரிப்பு. மேலே கிடப்பது எது, உள்ளே இறங்கியது எது என்று பிரித்தறியாமல் தேய்க்கத் தொடங்குவது பெயிண்டை வீணடிப்பது.

வீணடிக்கும் அளவுக்குப் பெயிண்ட் கிடையாது என்பதுதான் விஷயம். கம்பெனியிலிருந்து வரும் காரில் துருத் தடுப்பு, பிரைமர், நிறம், அதன்மேல் கிளியர் கோட் எல்லாம் சேர்த்தே பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான்தான். கிளியர் கோட் மட்டும் 35 முதல் 50. தலைமுடி ஒன்றின் பருமனைவிட அது மெல்லியது. கீறலை நீக்குவது என்றால் கீறலைச் சுற்றியிருக்கும் பரப்பு முழுவதையும் அதன் அடிமட்டத்துக்கு இறக்குவது; வேறு வழி இல்லை. வெயிலின் புறஊதாக் கதிரைத் தடுக்கும் சரக்கும் இந்தக் கிளியர் கோட்டில்தான் இருக்கிறது. அதை அளவு மீறிச் சுரண்டிய வண்டிகளின் பானெட்டும் கூரையும் சில வருஷங்களில் வெளுத்துத் தோலுரிவதைத் தெருவில் பார்க்கலாம்.

பாலிஷ் என்பதே கீறுவதுதான் என்று நியூட்டன் 1704-இல் வெளிவந்த ‘ஆப்டிக்ஸ்’ நூலில் விளக்கியிருக்கிறார். கண்ணாடியை மணலாலும் பொடியாலும் தேய்க்கும்போது கரடுமுரடு மறைவதில்லை, கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறியதாகிறது என்பது அவர் கருத்து. கார் பாலிஷ் புட்டியில் இருக்கும் அலுமினியம் ஆக்ஸைடு துகள்கள் செய்வதும் இதையே. மைக்ரான் கணக்கில் இறங்கிய கீறல்களின் இடத்தில், ஒளியின் அலைநீளத்துக்கும் கீழான கீறல்களை வைத்துவிட்டு வருகின்றன. வெள்ளைக் காரில் இதில் பாதி தூரம் போனால் போதும், கறுப்பில் கடைசிவரை போயாக வேண்டும்.

ரோட்டரி மெஷின் ஒரே அச்சில் சுழலும். வேகமாக வெட்டும், சூடாக்கும். பழகாத கையில் கம்பளிப் பேடோடு அது ஓடினால், அதன் தடம் ஹோலோகிராம் என்கிற நீண்ட ஒளிக்கோடுகளாகக் கறுப்பில் தங்கிவிடும். நிழலில் தெரியாது, வண்டி வெயிலுக்கு வந்ததும் தெரியும். டூயல் ஆக்‌ஷன் மெஷினில் பேட் சுழன்றபடியே ஊசலாடுவதால் இந்தத் தொல்லை பெரிதும் குறைந்தது. இத்தாலியின் ரூபெஸ் நிறுவனம் 15, 21 மில்லிமீட்டர் வீச்சுள்ள பிக்ஃபுட் மெஷின்களைக் கொண்டுவந்த பிறகு பெரிய பரப்புகளையும் இதைக்கொண்டே திருத்த முடிகிறது. ஆனால் இந்த மெஷினுக்கும் ஒரு குணம் உண்டு. வளைவான இடத்தில் சற்று அழுத்தினால் சுழற்சி நின்று வெறும் ஆட்டம் மட்டும் மிஞ்சும், வெட்டு குறையும். அதனால் பேடைத் தாங்கும் தட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொள்கிறார்கள். கோடு சுற்றுவது தெரிகிறவரை வேலை நடக்கிறது என்று அர்த்தம்.

பார்க்க எனக்கு மிகவும் பிடித்தது முழு வண்டியைத் தொடுமுன் நடக்கும் சோதனைதான். இரண்டடிக்கு இரண்டடி இடம். அதில் எடுத்தவுடன் இருப்பதிலேயே மென்மையான பேடும் நுண்ணிய பாலிஷும். குறுக்கும் நெடுக்குமாக, முந்தைய தடத்தில் பாதியை மூடியபடி, மெஷின் மெல்ல நகர்கிறது. துடைத்து, ஐசோபுரோபைல் ஆல்கஹால் கலந்த நீரால் எண்ணெய்ப் பசையை எடுத்து, பாலிஷ்காரர் டார்ச் அடித்துப் பார்க்கிறார். போதவில்லை என்றால் ஒரு படி கடுமை. கடுமையான காம்பவுண்டில் தொடங்கிப் பிறகு அழகுபடுத்துகிறவரைவிட, இப்படிக் கீழிருந்து ஏறுகிறவரையே நான் நம்புவேன். அவர் வண்டியிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறார். ஜெர்மன் கார்களின் கிளியர் கோட் பொதுவாகக் கடினம்; கீறலும் லேசில் விழாது, விழுந்தால் லேசில் போகாது. ஜப்பானியக் கறுப்புகளில் பல மிருதுவானவை. கீறல் நொடியில் போகும், ஆனால் போக்கிய பேடே புகைமூட்டம்போல மெல்லிய மங்கலை விட்டுச்செல்லும். அந்த ஹேஸை எடுக்கும் கடைசிச் சுற்றில்தான் கலை இருக்கிறது என்பேன். அழுத்தம் மெஷினின் எடை மட்டும். பேட் ஒவ்வொரு பகுதிக்கும் பிறகு சுத்தம். துடைக்கும் துணிகூட அங்கே கீறக்கூடிய ஆயுதம்.

ஆல்கஹால் துடைப்பைத் தவிர்க்கும் கடைகள் உண்டு. கீறலுக்குள் எண்ணெயும் மெழுகும் நிரம்பினால் டெலிவரி அன்று கறுப்பு மின்னும். சில முறை கழுவியதும் சிலந்தி வலை திரும்பிவிடும். இதை நான் ஏமாற்று என்றே சொல்வேன். அதன்மேல் செராமிக் கோட்டிங் என்று பெரிய தொகை வாங்குவது இன்னும் மோசம்.

ஜப்பானில் வாஜிமா அரக்கு வேலையில் ரோயிரோ என்று ஒரு கட்டம் இருக்கிறது. கறுப்பு அரக்குப் பூச்சைக் கரியால் நீரில் தேய்த்து மட்டமாக்கி, கடைசியில் மிக நுண்ணிய பொடியை விரலாலும் உள்ளங்கையாலும் தேய்த்து ஒளி ஏற்றுவார்கள். அதற்கென்றே தனிக் கைவினைஞர்கள் உண்டு. கார் பட்டறையில் கதவுக் கைப்பிடிக்குக் கீழே, தூணின் ஒடுக்கத்தில், மெஷின் நுழையாத இடங்களில் ஒருவர் சின்ன ஃபோம் துண்டை விரல் நுனியில் சுற்றித் தேய்ப்பதைப் பார்க்கும்போது எனக்கு அவர்கள் நினைவு வரும். பானெட்டின் ஜொலிப்பை எல்லோரும் பார்ப்பார்கள். அந்த ஒடுக்கமான இடங்களைத் தேடிப் பார்ப்பவர் குறைவு. நான் தேடிப் பார்ப்பேன்.

கடைசியாக, விட்டுவைப்பது. ஆழமான எச்சக் குழி ஒன்று, நகம் மாட்டும் ஒரு கீறல், மடிப்பின் விளிம்பில் ஒரு கோடு. விளிம்பில் பெயிண்ட் மெல்லியது என்பதால் டேப் ஒட்டி ஒதுக்கிவிடுவார்கள். குழியின் அடிவரை இறங்கினால் கிளியர் கோட் தீர்ந்துபோகும். தேர்ந்தவர் அதன் விளிம்பை மட்டும் மழுங்கச் செய்கிறார். கூர்மை போனதும் அது ஒளியைச் சிதறடிப்பது குறைகிறது. குழி இருக்கும், நின்று தேடினால்தான் தெரியும். நூறு சதவீதம் திருத்தித் தருவதாக விளம்பரம் செய்யும் கடையைவிட, ‘சார், இதை இதுக்கு மேல எடுக்கக் கூடாது, அடுத்த தடவைக்குப் பெயிண்ட் வேணும்’ என்று சொல்லும் கடைக்கே என் நண்பர்களை அனுப்புகிறேன். அப்படிச் சொல்பவர், வேலைக்கு முன்னும் பின்னும் பெயிண்டின் தடிமனைக் கேஜில் அளந்த மைக்ரான் கணக்கையும் பில்லோடு எழுதிக் கொடுத்தால், அடுத்து அந்தக் கறுப்பைத் தொடப் போகிறவருக்கு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று தெரிந்திருக்கும்.